மாப்பிள்ளை இங்கிலீஷ் பரீட்சையில் சொன்னது

அன்பு மகள் ரமன்தீப்புக்கு, வாகே குருவின் கருணையால் உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவர் கதையை எப்படிச் சொல்வது? அதனால்தான் லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டு மன்ஜீத்திடம், நெய்யில் வறுத்துச் செய்த பஞ்ஜீரி இனிப்பு டப்பாவோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விசாவுக்கான முதல் இங்கிலீஷ் பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று மாப்பிள்ளை ஜஸ்கரன் உன்னிடம் சொன்னாரே, அது பொய். போனார், எழுந்து வந்தார், ஃபெயில். டிராக்டர் பட்டறையில் சத்தமாகப் பேசிப் பழகிய மனுஷனுக்கு, வெள்ளைக்காரனைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டதாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ‘நோ ப்ராப்ளம்’, என்ன வேலை செய்கிறீர்கள் என்றால் ‘நோ ப்ராப்ளம்’, மனைவி எங்கே என்றதற்கும் ‘நோ ப்ராப்ளம்’. இதை நீ கேட்டால் சிரிப்பாய், ஆனால் மனுஷன் அன்று திரும்பி வந்து பட்டறையைக்கூடத் திறக்கவில்லை. நம் ஊர் நகோதரில் மிட்டாய்க் கடை மாடியில் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது, அவர் ஊரிலிருந்து தினம் வருவது முடியாது என்று நான்தான் இங்கேயே தங்கச் சொன்னேன். மாமியார் வீட்டில் மருமகன் டேரா போட்டுவிட்டான் என்று தெருவே பேசியது. பேசட்டும், தெருவா அவரை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கப் போகிறது?

வகுப்பு போதாதென்று உன் அப்பா தனியாக வாத்தியார் வேலையைத் தொடங்கிவிட்டார். ராணுவத்தில் வயர்லெஸ்ஸில் பேச்சுக்குப் பேச்சு ‘ஓவர்’, ‘ரோஜர்’ என்று சொல்லியே காலம் தள்ளியவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று உனக்கே தெரியும். இனிமேல் இந்த வீட்டில் பஞ்சாபி கிடையாது, இங்கிலீஷில் கேட்டால்தான் ரொட்டி என்று உத்தரவு. மாப்பிள்ளையும் பயந்துகொண்டு, ‘ரொட்டி டூ, ஓவர்’ என்பார். அப்பா உடனே ‘ரோஜர்’ என்று என்னைப் பார்ப்பார். நான் என்னத்தைக் கண்டேன், ரெண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துப் பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எருமைக்குத் தண்ணீர் காட்டுவதும் இங்கிலீஷில்தான். அது மட்டும் ஒரே வாரத்தில் பாஸாகிவிட்டது, ‘கம் கம்’ என்றால் வந்துவிடுகிறது. இந்தக் கூத்துக்கு நடுவே மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தட்டில் பாதி அப்படியே கிடக்கும். என் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பரீட்சைக்கு அப்பாதான் சண்டிகருக்குக் காரில் அழைத்துப் போனார். திரும்பும்போது மாப்பிள்ளை, பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, “போச்சு மாமா, எல்லாம் போச்சு. ரமனை நான் இனிமே போன்லதான் பார்க்கணும்” என்று அழுதாராம். பெயரைக் கேட்டதற்கே ‘ஜஸ்கரன் சிங், ஓவர்’ என்று சொல்லிவிட்டாராம். அப்பா என்னிடம் இதைச் சொல்லும்போது தன் தலைப்பாகையைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த முறை பரீட்சை வைத்தது ஒரு அம்மாள், பெயருக்கு அப்புறம் உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாளாம். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து போய், தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு இவர் சொன்னாராம்: “மனைவி ரொம்ப தூரத்துல. தினம் போன். சாப்பிட்டியா கேக்கிறா. சாப்பிட்டேன் சொல்றேன். சாப்பிடலை. அவ கவலை, வேண்டாம்.” அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம். அதைப் பார்த்துத்தான் ஃபெயில் என்று முடிவு கட்டிவிட்டார் இந்தப் பைத்தியக்கார மனுஷன்.

பாஸ் என்று வந்த சேதி உனக்கே தெரியும். ‘ஈஸியா இருந்துச்சு’ என்று உன்னிடம் மீசையை முறுக்கியிருப்பார். நீ எதுவும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, நான் சொன்னதாக மூச்சு விடாதே. என் பருப்பில் குற்றம் இல்லை என்று தெரிந்ததில் எனக்கும் ஒரு நிம்மதி. விசாவுக்குக் கல்யாண போட்டோ இன்னும் நாலைந்து கேட்கிறார்களாம், அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்காத படமாகப் பார்த்து அனுப்பு. இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக நடந்து வராதே.

இன்னொன்று. மாப்பிள்ளை தினமும் விடியற்காலையில் எருமைக் கொட்டகையில் நின்றுகொண்டு ஏதோ இங்கிலீஷில் ஒப்பிக்கிறார். விமான நிலையத்தில் உன்னைப் பார்த்ததும் சொல்வதற்காம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் உன் பெயர் நிறைய வருகிறது. தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். அவர் முடிக்கிற வரைக்கும் சிரிக்காமல் நில், என் கண்ணு.

குரு உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
பல்விந்தர் கௌர்