லாவெல் வயலின் வெள்ளைக்கல்

கிளீவ்லாந்து, ஒஹாயோ
10 ஜனவரி 1988

மதிப்பிற்குரிய ஃபெஸ்டஸ் கில்பேன் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி அமெரிக்காவிலிருந்து எழுதுகிறாளே என்று பதற வேண்டாம். உங்கள் பங்குச் சாமியார்தான் முகவரி தந்தார். லெக்கன்மோர் ஊரின் பழைய சங்கதியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியுமாம். உங்கள் வாயைத் திறக்க வைப்பது என் சாமர்த்தியம் என்றும் எழுதியிருந்தார்!

என் பெயர் லொரெட்டா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். என் கொள்ளுப்பாட்டி சபீனா லாவெல், 1889-ல், இருபது வயதில், உங்கள் ஊரிலிருந்து கப்பலேறினாள். அவள் கண்ணை மூடும்போது எனக்குப் பத்து வயது. அதுவரை ஊரைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அவள் பெற்றது ஆறு பிள்ளைகள். யார் கேட்டாலும் ஏழு என்பாள். நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினால், "போடி, உனக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தவளை முதல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு" என்பாள். வீடே சிரிக்கும்.

போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். சபீனாவை நேரில் பார்த்தவள் இனி நான் ஒருத்திதான். அவள் எந்த வீட்டில் பிறந்தாள், ஏன் ஒரு முறைகூட ஊர் திரும்பவில்லை, இது தெரிந்தால் போதும் எனக்கு. தெரியாமலே நானும் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
லொரெட்டா பிராடி


லெக்கன்மோர், மேயோ
2 பிப்ரவரி 1988

திருமதி பிராடி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் நிலத்துப் பக்கம் லாவெல் என்று யாரும் இருந்ததில்லை. மலைக்கு அந்தப்புறம் லாவெல் குடும்பம் ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் சிவப்புத் தலைமுடி. அவர்களுக்கு எழுதுங்கள். பேச ஆள் கிடைத்தால் விடவே மாட்டார்கள்.

இங்கே மழை. பசு ஒன்று கன்று போடும் நிலையில் இருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

ஃபெஸ்டஸ் கில்பேன்


கிளீவ்லாந்து
5 மார்ச் 1988

அன்புள்ள திரு. கில்பேன்,

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! அந்தச் சிவப்புத் தலைக்காரர்கள் இரண்டே வாரத்தில் பதில் போட்டுவிட்டார்கள், பதினோரு பக்கம்! அவர்கள் குடும்பத்திலும் கப்பலேறிப் போன சபீனா ஒருத்தி உண்டாம். அவள் பிறந்த வீட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். அடுப்படியில் வைத்துப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

ஆகஸ்டில் வருகிறேன். டிக்கெட் வாங்கியாயிற்று. அந்த வீட்டு வாசலில் சபீனாவின் பெயரைச் சொல்லி ஒரு ஆப்பிள் கன்று நடப்போகிறோம். நீங்களும் கட்டாயம் வர வேண்டும். வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து நின்றால் போதும்.

உங்கள் தயவுக்கு என்னால் ஆன சின்ன கைம்மாறு: சபீனாவின் படம் ஒன்றைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கல்யாணத்தன்று எடுத்தது. முகத்தில் சிரிப்பே இல்லை, பாருங்கள்.

அன்புடன்,
லொரெட்டா


லெக்கன்மோர்
28 மார்ச் 1988

அன்புள்ள லொரெட்டா அவர்களுக்கு,

நான் உங்களிடம் பொய் சொன்னேன். இரண்டு வாரமாக அந்தப் படத்தை மேசை டிராயருக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். இனி முடியாது.

சபீனா லாவெல் எங்கள் அடுத்த நிலத்துக்காரர் மகள். அவளுடைய அப்பாவுக்குப் பிறகு ஆளில்லாமல் அந்த வயல் எங்களுக்கு வந்தது. இன்றும் இங்கே அதற்கு லாவெல் வயல் என்றுதான் பெயர். அமெரிக்காவிலிருந்து சொந்தம் விசாரித்துக் கடிதம் வந்தால், இந்த ஊரில் முதலில் நிலப்பத்திரத்தைத்தான் தேடுவோம். நானும் தேடினேன். வயலைக் கேட்டு வந்துவிடுவீர்களோ என்று உங்களை மலை தாண்டித் துரத்தினேன். அது ஒரு காரணம். இன்னொன்றுதான் கஷ்டமானது.

என் தாத்தா ஆஸ்டினும் சபீனாவும் விரும்பினார்கள். தாத்தாவின் அப்பா வேறு இடத்தில் பெண் பேசி முடித்துவிட்டார். சாகக் கிடந்தபோது தாத்தா என்னிடம் சொன்னார்: "எதுத்து ஒரு வார்த்தை பேசலடா. பேசியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி நான்."

சபீனாவுக்குப் பையன் பிறந்தான். ஒரு காலைப் பொழுதுதான் இருந்தான். சாமியார் வந்து ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. இரண்டு நிலத்துக்கும் நடுவில் இருக்கும் வரப்பு மூலையில் தாத்தா தன் கையாலேயே குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு கல் வைத்தார். அடுத்த வசந்தத்தில் சபீனா கப்பலேறிவிட்டாள்.

இன்றுவரை அந்த மூலையில் புல் அறுப்பதில்லை. கூட்டாகப் புல் அறுக்க வரும் பக்கத்து நிலத்துக்காரர்களும் அங்கே வந்ததும் அரிவாளைத் தூக்கிக்கொள்வார்கள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இங்கே சாமியார் முறை வைத்து ஒவ்வொரு வீடாக வந்து பூசை வைப்பார்; அந்த வீட்டுப் பூசைக்கு எங்கள் முறை வரும்போது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். "மிச்சம் இருந்தா அந்தக் கல்லுக்கும் ஒரு கை பூசிடுடா" என்று தாத்தா கேட்டுக்கொண்டார். நாற்பத்தெட்டு வருடமாகப் பூசுகிறேன்.

உங்கள் முதல் கடிதத்தில் "ஏழு" என்று படித்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டே பொய் எழுதினேன்.

இப்போது என் தங்கை மகன் டெஸ்மண்ட் மே மாதம் இயந்திரம் கொண்டுவந்து அந்த வயலில் வடிகால் வெட்டப்போகிறான். நேராக அந்த மூலை வழியாக. எனக்குப் பிறகு நிலம் அவனுக்குத்தான். "மூலையை விட்டுடுடா" என்றேன். "அங்க என்ன மாமா, புதையலா? ஒரு கல்லுக்காக யாராவது வடிகாலை வளைப்பாங்களா?" என்கிறான். காரணம் சொல்ல நாக்கு எழவில்லை. அன்று வாய் திறக்காத தாத்தாவின் பேரன்தானே நானும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஃபெஸ்டஸ்


கிளீவ்லாந்து
14 ஏப்ரல் 1988

திரு. கில்பேன்,

முதலில் உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். ஊர் பேர் தெரியாத வீட்டு வாசலில் என்னைக் கன்று நட விட்டிருப்பீர்கள்! உங்கள் தாத்தா மீதும் கோபம், உங்கள் மீதும் கோபம். சிரித்த எங்கள் மீதுதான் எல்லாவற்றையும் விடக் கோபம். அவள் சரியாகத்தானே எண்ணினாள்! நாங்கள்தான் அவள் வாயை அடைத்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து, நீவி, மறுபடி படித்தேன். நாற்பத்தெட்டு வருடம் ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு பூசியவரிடம் எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொள்வது?

உங்கள் வயலில் ஒரு பிடி மண்கூட எனக்கு வேண்டாம். நம்பிக்கை இல்லையென்றால் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். டெஸ்மண்டிடம் மட்டும் பேசிவிடுங்கள். உங்கள் வாயால், நீங்களே.

ஒன்று உங்களுக்குத் தெரியாது. தினமும் ஜெபமாலை முடிந்ததும் சபீனா பிள்ளைகள் பெயரைச் சொல்லி வேண்டுவாள். ஒவ்வொரு நாளும் முதல் பெயர் கோல்மன். அப்படி எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஊரில் செத்துப்போன தம்பியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். உங்கள் ஊரில் பெயர் இல்லாமல் புதைத்த பிள்ளைக்கு அவள் பெயர் வைத்திருந்தாள், ஃபெஸ்டஸ். ஐம்பத்தேழு வருடம் ஒரு நாள் விடாமல் கூப்பிட்டிருக்கிறாள்.

லொரெட்டா


லெக்கன்மோர்
6 மே 1988

அன்பு லொரெட்டாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டெஸ்மண்டை வயலுக்குக் கூட்டிப்போனேன். கல்லுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன மாமா? நான் என்ன அரக்கனா?" என்றான். வடிகால் இப்போது அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. பார்க்கக் கோணல்தான். தெரிந்தே அப்படி வெட்டினான்.

சிவப்புத் தலைக்காரர்களிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டினார்கள், பிறகு தேநீர் கொடுத்தார்கள். சொந்தமில்லாவிட்டாலும் உங்களை விடமாட்டார்களாம். ஆகஸ்டில் உங்களுக்கு அங்கே ஒரு படுக்கை, இங்கே ஒரு படுக்கை. ஆப்பிள் கன்றுக்கு மட்டும் வரப்பில் குழி வெட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று எங்கள் வீட்டுப் பூசை. சாமியாரிடம் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். "கோல்மன்" என்று அவர் படித்தபோது யாரும் யார் என்று கேட்கவில்லை. எல்லோரும் தலை குனிந்தார்கள்.

பூசைக்காகப் போன வாரம் சுண்ணாம்பு கரைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக வயலுக்குப் போனேன். இத்தனை வருடமும் மிச்சம்தான் அவனுக்கு. இந்த முறை முதல் கை அவனுக்குப் பூசினேன். பிறகுதான் வீட்டுக்கு.

உங்கள்,
ஃபெஸ்டஸ்