உங்கள் நெஞ்சில் உருண்ட கட்டி

மாமா,

இதனால் புதூர்நாட்டு மலைவாழ் பெருமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஏழு மணியளவில், உங்கள் எக்ஸ்ரே படத்தின் ஒரு மூலையை நம் வெள்ளாடு தின்றுவிட்டது. ஆடு நலம். படத்திலிருக்கும் உங்கள் நெஞ்சுக்கூடும் நலம். பெயர் எழுதிய மூலை மட்டும் போய்விட்டது. அத்தை பரணை ஒழிக்கிறேன் என்று எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவைத்ததால் வந்த வினை.

மிச்சப் படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வலது விலாவுக்குப் பின்னால், அடியில், வெள்ளையாய் அந்த உருண்டை. மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய் ஒரு மாதம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன்பே கொண்டுபோகப் பார்த்தது இந்த உருண்டை. அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. காலையில் சவாரிக்கு ஜீப்பை எடுக்கும்முன் உங்களுக்கு வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். ஒருநாள் ஜீப்பைத் தடவிக்கொடுத்து, "இன்னா, சாப்ட்டியா?" என்று கேட்டீர்கள். சாராயம் என்றது ஊர். சாமி என்றது இன்னொரு ஊர். வாயில் வெல்லம் போட்டால் தெளிந்துவிடுவீர்கள். விரல் நுனிகள் வேறு, தவில்காரர் விரல்கூடு மாட்டியது போல உருண்டு பருத்துவிட்டன.

மலையிறங்கி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முதலில் பார்த்தது உங்கள் விரல்களைத்தான். அப்புறம் நிற்க வைத்து எடுத்த படத்தை. அத்தையிடம் தணிந்த குரலில், "பெரிய கட்டிம்மா. நுரையீரலுக்குள்ள பரவின மாதிரி தெரியுது. அறுக்க முடியாது. நாளைக்கு இன்னொரு படம் எடுத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் உங்களுக்குத் தலைசுற்றல். அதனால் இடது பக்கமாகப் படுக்கவைத்து எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தை நான்தான் டாக்டர் அறைக்குக் கொண்டுபோனேன். பின்னாலேயே உங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். படத்தை விளக்கில் மாட்டியவர் திகைத்தார். நேற்று அடியில் கிடந்த கட்டி இன்று மேலே ஏறியிருந்தது.

"இது யார் படம்?" என்று என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நேத்து வார்டுல கட்டில்ல 'உப்பில்லாக் கஞ்சி'ன்னு மாட்டியிருந்த அட்டையை எல்லாம் இடம் மாத்தினவன் நீதானே? படத்தையும் மாத்திட்டியா?"

அப்போதுதான் சரித்திரம் நடந்தது. நான் மலைபோல் நின்றேன். "சார், இது எங்க மாமா நெஞ்சு! வேணும்னா திரும்ப எடுத்துப் பாருங்க!" என்று கர்ஜித்தேன். கண்ணாடி சன்னல்கள் அதிர்ந்தன.

அவரே கூட நின்று நிமிர்த்தி ஒன்று, சாய்த்து ஒன்று எடுக்கச் செய்தார். கட்டி மறுபடி உருண்டது. அவர் முகம் பள்ளிக்கூடம் விட்ட பையன் முகம் போலாயிற்று. "நுரையீரலுக்குள்ள இருந்தா இப்படி நகராது. நுரையீரலைச் சுத்தின உறையிலேர்ந்து காம்பு விட்டுத் தொங்குது. காம்போட எடுத்துடலாம்!"

"பலாக்கா மாரின்னு சொல்லுங்க" என்றீர்கள் நீங்கள்.

உங்கள் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்ததும் அதுதானாம். நீங்கள் கட்டி கட்டியாய் வெல்லம் தின்றதெல்லாம் இந்த ஒரு கட்டியின் சதி!

வெளியே எடுத்தபோது தேங்காய் அளவு இருந்தது. அறுத்த பாதியைப் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா காட்டினார். மரக்கட்டையின் ரேகைபோல வெள்ளைச் சுழிகள். நச்சரித்து மைக்ராஸ்கோப்பிலும் கண் வைத்தேன்.

"என்ன தெரியுது?"

"மூங்கில் எலைய வாரிக் கொட்னா மாரி கீதுங்க. ஒரு ஒழுங்கே இல்ல."

"அந்த ஒழுங்கில்லாததுதான் இதுக்கு அடையாளம்" என்றார். "பிரிஞ்சு பெருகற செல் இருக்கான்னு தேடித் தேடிப் பார்த்தேன். அதிகமில்ல. சாதுவான கட்டிதான். இருந்தாலும் வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்கணும்."

வார்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "ஒழுங்கில்லாங்காட்டியும் சாதுவாம். உன்னிய மாரி" என்று சிரித்து, தையல் இழுத்து, "ஐயோ, சிரிக்க வைக்காதடா" என்று அதற்கும் சிரித்தீர்கள்.

சரி மாமா, முறைக்காதீங்க. சொல்லிவிடுகிறேன்.

நான் கர்ஜிக்கவில்லை. டாக்டர் திரும்பியதும் பயந்துபோய், "ஆமா சார், நான்தான் மாத்திட்டேன்" என்றேன். செய்யாத குறும்பை ஒப்புக்கொண்டது வாழ்நாளில் அன்று ஒருமுறைதான். அவர் இரண்டாவது படத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உங்களை வீட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தார். தள்ளுவண்டியில் படுத்தபடி நீங்கள்தான் சொன்னீர்கள்: "சார், அவன் மாத்தல. மாத்தியிருந்தா ஒத்துக்கவே மாட்டான். நான் தூக்கி வளத்த பய, எனக்குத் தெரியும். இன்னொருவாட்டி எடுத்துப் பாருங்க."

அதன்பின் மூன்று வருடம், ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம் கர்ஜனைக் கதையை நான் சொல்லச் சொல்ல, நீங்கள் சாலையைப் பார்த்தபடி கியரை மட்டும் மாற்றினீர்கள். ஒருதரம்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. நேற்று ஒருவரிடம் அதே கதையைச் சொல்லிப் பார்த்தேன். எதிர்த்துப் பேச யாருமில்லை. இருந்தும் பாதியில் நின்றுவிட்டது, மாமா. பக்கத்தில் நீங்கள் கியர் மாற்றாமல் அந்தப் பொய் மேடு ஏற மாட்டேன் என்கிறது.