விரல் நுனி அறிந்த முகம்

குருசுக்குப்பம்
11.2.2024

அன்புள்ள தம்பி பலராமனுக்கு,

அண்ணி நிர்மலா எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

போன ஐப்பசியில் படகில் விழுந்து உன் அண்ணனுக்குத் தலையில் பலத்த அடி. பிழைத்துவிட்டார். ஆனால் எந்த முகமும் அவருக்கு அடையாளம் தெரிவதில்லை. குரலைக் கேட்டால்தான் யாரென்று சொல்கிறார். இருபது வருடம் கூட வாழ்ந்த நான் பேசாமல் எதிரே நின்றால், "யாரும்மா வேணும்?" என்கிறார்.

நேற்று கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாரதி ஒரு சோதனை செய்தார். உன் அண்ணன் விரல்களில் சின்ன ஒயர் மாட்டி, ஒவ்வொரு போட்டோவாகக் காட்டினார். மனசு அசைந்தால் விரலில் நமக்கே தெரியாமல் வியர்க்குமாம். கம்ப்யூட்டர் அதைக் கோடாகப் போடுகிறது. எல்லாப் படத்துக்கும் "தெரியல" என்றார். முன்பின் பார்க்காதவர்களுக்குக் கோடு படுத்தே கிடந்தது. என் முகம் வந்ததும் எழுந்தது. வாய் தெரியாது என்கிறது, உடம்பு தெரியும் என்கிறது.

அடுத்து உன் படம். கோடு அதைவிட உயரம் போனது. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அண்ணி,
நிர்மலா

மஸ்கட்
2.3.2024

அண்ணிக்கு வணக்கம்.

அடிபட்டதே இப்போதுதான் தெரியும். மூன்று தடவை படித்தேன்.

அம்மா காரியத்துக்கு நான் வரவில்லை என்று, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றவர் அவர்தான். எட்டு வருடமாகிறது. கோடு எழுந்தது கோபத்திலா, பாசத்திலா? டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

பலராமன்

குருசுக்குப்பம்
19.3.2024

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டேன். "அது மெஷினுக்குத் தெரியாதும்மா. அந்த முகம் அவருக்கு சும்மா இல்லன்னு மட்டும்தான் சொல்லும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து உன் படத்தை நானே காட்டினேன். "தெரியல" என்றார். "பலராமன்" என்றேன். படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "இப்ப தல நரச்சிட்டிருக்குமா அவனுக்கு?" என்று கேட்டார்.

நிர்மலா

மஸ்கட்
4.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நரைத்துத்தான் விட்டது.

பதினெட்டாம் தேதி சென்னையில் இறங்கி, காலை பஸ்ஸில் வருகிறேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். வாசலில் நிற்கும் என்னை யாரோ என்று பார்ப்பார். அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

எட்டு வருடம், அவர் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டேன். இனி நான் பேசினால்தான் நான் யாரென்று அவருக்குத் தெரியும்.

பலராமன்