என் காலுக்கு நான் போட்ட கையெழுத்து

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் இடது கால் வரைக்கும் சுகம், வலது காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகளும் என் பேத்தியும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று நாலு தரம் சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதம் சரிம்மா சொல்லாது. அஞ்சாவது வரை படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், அவசரப்படாமல் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டுத் தங்கச்சிக்குப் போன் போட்டு அம்மா என்ன எழுதியிருக்கா என்று கேட்காதே. அவளுக்குத் தெரியாது, நான் காட்டவில்லை.

வீட்டுச் சேதி என்றால், உன் தங்கச்சிக்கு ஆபீசை மாற்றிவிட்டார்கள், இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வந்ததும் வராததுமாக என் இடுப்புப் புண்ணின் கட்டை அவிழ்த்துத் துடைத்து வேறு கட்டுப் போடுகிறாள். அவள் முகம் சுளிப்பதில்லை, அதைப் பார்த்துத்தான் எனக்குச் சங்கடம். மாப்பிள்ளை போன வாரம் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போய் அந்த லிஃப்டுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து, என்ன அத்தை, நீங்க மட்டும்தான் ஆஸ்பத்திரியில படுத்து ரெஸ்ட் எடுக்கணுமா என்றார். நல்ல மனுஷன், என்னைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். என் மெஷினுக்கு உறை மாட்டி ஜன்னல் பக்கம் தள்ளி வைத்துவிட்டோம். பள்ளிக்கூடச் சட்டை தைக்க வருகிறவர்கள் வாசலில் நின்று உறையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பேத்திக்குப் பாவாடை வெட்டி வைத்திருக்கிறேன், தைக்கவில்லை. நீ சும்மா உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், உனக்கும் சர்க்கரை வரும், நம் குடும்ப ரத்தம் அப்படி. வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு மூட்டு மாற்றிய ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம் என் பாவாடை இடது பக்கம் தரையில் புரண்டது. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு வருஷமாகக் கத்திரி பிடிக்கிறவள், எனக்கே ஓரம் கோணலா என்று பிரித்து மறுபடி மடித்துத் தைத்தேன். மறுபடியும் புரண்டது. துணி நெசவு கோணல் என்று கடைக்காரனைத் திட்டி வேறு துணி எடுத்து வெட்டினேன். அதுவும் புரண்டது. கண்ணு போச்சு, கையும் போச்சு, இனிமேல் என்னிடம் எவள் அளவு கொடுப்பாள் என்று உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் எனக்கே தோன்றி, சின்ன வயசில் உயரம் பார்க்க உன் தங்கச்சியைச் சுவரோரம் நிற்கவைத்த மாதிரி என்னை நானே நிற்கவைத்து, டேப்பைப் போட்டு அளந்து பார்த்தேன். பாவாடை நேராகத்தான் இருந்தது, நான்தான் கோணல். வலது கால் முக்கால் அங்குலம் நீளம். மூன்று தரம் பிரித்துத் தைத்தேனே, என் கால்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை பார். உன்னிடம் போனில் சொன்னபோது நீ, அது சில பேருக்கு அப்படி ஆகும்மா, செருப்புல ஒரு அட்டை வச்சா சரியாயிடும் என்றாய். யோசிக்காமல் உடனே சொன்னாய். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, என் பிள்ளை எல்லாம் தெரிந்தவன் என்று பெருமைப்பட்டேன்.

ஏழாம் மாதம் தழும்பு ஓரத்தில் ஒரு பரு மாதிரி வந்து உடைந்து கசிய ஆரம்பித்தது. லேசாகக் கசியுது, மாத்திரை கொடுத்திருக்காங்க என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறோம். லேசு இல்லை. உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி ஏறிக் குடியிருக்கிறது. எலும்பு டாக்டர் ஃபைலைத் திறந்தார். நான் அவரைப் பார்த்து, இப்படியெல்லாம் ஆகும்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே டாக்டர் என்றேன். அவர் சங்கடப்பட்டு, சொன்னேனேம்மா, உங்க பையன்கிட்ட எல்லாம் சொன்னேன் என்று ஒரு தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார். ரத்தம் கட்டும், கிருமி சேரும், கால் நீளம் வித்தியாசப்படும், மூட்டு நழுவும், எல்லாம் வரிசையாக அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பேனாவால், நோயாளிக்குச் சர்க்கரை அதிகம், கிருமி சேர வாய்ப்பு கூடுதல், இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லியும் மகன் உடனே செய்யும்படி கேட்டுக்கொண்டார், நோயாளியிடம் விவரம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே உன் கையெழுத்து, அதற்கும் கீழே என்னுடையது. டாக்டர் என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, நீங்களும் போட்டிருக்கீங்களேம்மா என்றார்.

போட்டேன், மறக்கவில்லை. ஒன்பதாம் தேதி ஆபரேஷன், எட்டாம் தேதி சாயங்காலம் நாலரை மணி. நான் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறக் கோடு போட்ட சட்டையைப் போட்டிருந்தாய், மேலிருந்து இரண்டாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, ஊசி நூல் இருந்தால் தைத்துவிடலாமே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்மிஷன் பேப்பர்தாம்மா, இங்க ஒண்ணு போடு, இங்க ஒண்ணு என்று விரலை வைத்துக் காட்டினாய். உன் உள்ளங்கை எந்த எழுத்தின்மேல் இருந்தது என்று இப்போது தெரிகிறது. உனக்கு நாலு வாரம்தான் லீவு, அதற்குள் முடித்துவிட்டு விமானம் ஏற வேண்டும், தெரியும். லீவு இல்லை, இப்ப விட்டா அடுத்த வருஷம்தான், சர்க்கரை கூடுதலா இருக்கு, என்னம்மா செய்யலாம் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? நீ போய்ட்டு வா கண்ணு, ரெண்டு மாசம் கழிச்சுத் தங்கச்சி பார்த்துப்பா என்று சொல்லியிருப்பேன். அந்த வலியோடு எட்டு வருஷம் மெஷின் மிதித்தவளுக்கு இரண்டு மாதம் ஒரு பெரிசா? என்னிடம் தைக்க வருகிறவள் ஒரு பழைய துணியைக் கொண்டுவந்தாலும் இப்படி வெட்டினா இங்க சுருங்கும், பரவாயில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் கத்திரி வைப்பேன். அதுவும் துணியை உடுத்தப்போகிறவளிடம் கேட்பேன், கூட வந்தவளிடம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது நெஞ்சிலேயே கிடக்கிறது. பக்கத்துக் கட்டிலில் பேக்கரிக்காரி ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கா, ஒல்லியான புருஷன், பெரிய கண்ணாடி. அவளுக்கும் அதே நாள் அதே ஆபரேஷன். அந்த மனுஷன் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அவளுக்கு வாசித்தான். ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போனா ஆளே போயிடுமாம்டி என்கிறான், அவள், போனா நீ நிம்மதியா இருப்ப, அடுத்த வரியைப் படி என்கிறாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பாவம், கத்தி வைக்கப்போற பொம்பளையை இப்படியா பயமுறுத்துறது, என் பிள்ளை பக்குவமானவன், எதையும் என் காதுக்குக் கொண்டுவர மாட்டான் என்று அவளிடமே பீற்றிக்கொண்டேன். அவள் தனக்குச் சர்க்கரை இறங்கட்டும் என்று இரண்டு மாதம் திருப்பி அனுப்பினார்கள் என்றாள். எனக்கெல்லாம் அப்படி இல்ல, என் பையன் வந்தான், அஞ்சே நாள்ல ஏற்பாடு பண்ணிட்டான் என்றேன். இப்போது அவள் அடுப்படியில் நாள் முழுக்க நிற்கிறாளாம், மாடிப்படி ஏறுகிறாளாம். போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன், கைத்தடி கூட இல்லை. என் நடையைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதை நீ புரிந்துகொள். அதே டாக்டர், அதே கத்தி, அதே உலோகம். அவளிடம் சொன்னார்கள், அவள் காத்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை.

மூன்று மாதமாக இதை வைத்துக்கொண்டு ஞாயிறு தோறும் உன்னிடம் மழை வந்துதா, குளிர் எப்படி என்று பேசினேன். எனக்கு எதுவும் மறக்காது, அது உனக்கே தெரியும். என் நாத்தனார் என் கல்யாணத்தன்று நான் தைத்த ரவிக்கையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இன்னும் வைத்திருக்கிறேன். உன்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்து எழுதத்தான் பேனா எடுத்தேன். எழுதப் போனால் உனக்கு முன்னால் அதில் வேறொரு பெயர் இருக்கிறது. உன் அப்பாவுக்குக் கணுக்கால் எலும்பில் சீழ் பிடித்தபோது உனக்குப் பதினாலு வயது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். அவரிடம் சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார் என்று சொன்னவள் நான். அப்பா கேட்டா சின்ன ஆபரேஷன்னு சொல்லு என்று உன் காதில் ஓதியவளும் நான். நீ அப்படியே சொன்னாய். அவர் கண் விழித்துப் போர்வைக்கு மேலே கையால் தடவிப் பார்த்தார், தடவிக்கொண்டே கீழே போனார், ஒரு இடத்தில் கை மெத்தையில் விழுந்தது. உனக்கு முன்னாடியே தெரியுமா என்று என்னைக் கேட்டார். நான் தலை குனிந்தேன். அதற்குப்பின் பதினோரு வருஷம் இருந்தார், ஒரு நாள்கூடத் திட்டவில்லை. ஒரே ஒரு தரம், அவரோடு பஸ் ஓட்டின கூட்டாளி ஒருத்தர் வந்து போன அன்று, தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கார்ல வந்திருக்க மாட்டேன், நடந்தே வந்திருப்பேன் என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். நீ செய்தது புதுசு இல்லை, நான் வெட்டிக்கொடுத்த அளவில் நீ தைத்திருக்கிறாய். அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. உனக்கு இப்போது வயது நாற்பத்தொன்று, பதினாலு இல்லை.

இனி கேள். அடுத்த மாதம் எட்டாம் தேதி எனக்கு மறுபடி ஆபரேஷன். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மருந்து கலந்த சிமெண்டை அடைத்து வைப்பார்கள், கிருமி போனதும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்து புது மூட்டு வைப்பார்கள். இந்தத் தரம் வார்டு சிஸ்டரை உட்காரவைத்து அந்தத் தாளை வரி வரியாக வாசிக்கச் சொன்னேன். டீ ஆறுது பாட்டி, சீக்கிரம் என்றாள், ஆறட்டும் என்றேன். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு குண்டூசியை என் பையின் ஓரத்தில் குத்தினேன். ஒன்பது வந்தது. இரும்பை எடுக்கும்போது தொடை எலும்பு உடையலாம். பாதம் தொங்கிப்போகலாம். ரத்தம் கட்டலாம். கால் இந்தத் தரம் குட்டையாகலாம். நூறு பேரில் எண்பத்தைந்து பேருக்குக் கிருமி ஒழியும், மற்றவர்களுக்குத் திரும்ப வரும் என்றார் டாக்டர். என் வயசுக்கு நூற்றில் நாலைந்து பேர் அந்த வருஷத்தைத் தாண்டுவதில்லையாம். அதையும் கேட்டேன், சொன்னார், ஒன்பதாவது ஊசி அதற்குத்தான். வேண்டாம் என்றால் காலமெல்லாம் மாத்திரையும் கசிவும் கட்டும்தான், மெஷின் பக்கம் போக முடியாது. இரண்டையும் வைத்துப் பார்த்தேன், ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன், செய்துகொள்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதரையில் இருந்தது, இப்போது ஏழு. வாயைக் கட்டி நானே இறக்கினேன். வீட்டு ஆட்கள் கையெழுத்து என்ற இடத்தில் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில்தான் தபாலில் போடுவதாக இருந்தேன். எல்லாம் முடிந்தபிறகு உன் கைக்கு வரும், நான் எழுதாவிட்டாலும், உன்கிட்ட சொன்னா பயந்துடுவ, அதான் சொல்லலை என்று நீயே படித்துக்கொள்வாய், அன்று என் மனசு ஆறும் என்று வைத்திருந்தேன். ஆபரேஷனைப் பற்றி உன்னிடம் சொல்லக்கூடாது என்று தங்கச்சியிடமும் மாப்பிள்ளையிடமும் சத்தியம் கூட வாங்கிவிட்டேன். உன் அப்பாவைப் பற்றி எழுதியபின் அது முடியவில்லை. இன்று தேதி பதினெட்டு. தபால் போய்ச்சேரப் பத்து நாள். மிச்சம் பத்து நாள் உன்னிடம் இருக்கும். அந்தப் பத்து நாளில் நீ வருவாயோ, அழுவாயோ, கோபப்படுவாயோ, அது உன் பாடு. எனக்கு நீ கொடுக்காததை நான் உனக்குக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். அதுவரைக்கும் நான் தினமும் சாயங்காலம் அட்டை வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைப் பொத்தான் கடை வரை நடந்துவிட்டு வருகிறேன். எட்டாம் தேதியும் காரில் போவதாக இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை என் காலாலேயே போவேன், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

நீ நீண்ட ஆயுசோடு இரு, மருமகளை அதட்டாதே, பேத்தியின் இடுப்பு அளவையும் உயரத்தையும் இப்போது எடுத்து அனுப்பு, வளர்ந்திருப்பாள், வெட்டியது பத்தாது. ஒன்றே ஒன்று மறக்காதே. டாக்டருக்குப் போன் செய்யாதே, அவர் உன்னிடம் பேச மாட்டார், நான் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறதை என்னைக் கேள்.

இப்படிக்கு,
ஒன்பது ஊசியையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட
உன் அம்மா