தேக்சா மூடியும் ரெக்கார்டர் உறையும்

7.7.2008, திங்கள்
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் வாடகைப் பாத்திரக் கடையில் கேமரா வைத்ததிலிருந்து நான் கண்ணாடி பார்ப்பதில்லை. டிவியில் என்னைப் பார்த்துத்தான் தலை வாருகிறேன். நான் சீப்பை எடுத்து ஒரு நொடி கழித்துத்தான் டிவிக்குள் இருக்கிறவன் எடுக்கிறான். சோம்பேறி.

நேற்று என் மனைவி சாஹிராவின் தம்பி மொஹ்சின் வந்து கேமரா ரெக்கார்டரில் பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டிவிட்டுப் போனான். இனி ஒரு மாதப் படம் நிற்குமாம். சாஹிரா உடனே திரைத்துணியில் அதற்கு உறை தைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மிக்சி, டிவி, போன் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. எனக்குத்தான் இன்னும் தைக்கவில்லை.

10.7.2008, வியாழன்
வாடகைக்கு விடுகிற பெரிய பிரியாணி தேக்சாவின் மூடியை நேற்றிலிருந்து காணோம். பாத்திரம் துலக்குகிற அஞ்சம்மாள் அக்காவிடம், சாமான் எடுக்க வந்த நாலு பேர் முன்னால், "கேமராவுல பாத்தா தெரிஞ்சிடும்க்கா, யாரு தூக்கினு போனாங்கன்னு" என்றேன். சும்மா, கிண்டலுக்கு.

அக்கா தேங்காய் நாரைக் கீழே போட்டார். "பாரு பாய். பாத்துட்டு சொல்லு. அதுவரைக்கும் நான் வர்ல."

பதினோரு வருஷமாக வருகிறவர்.

11.7.2008, வெள்ளி
ரெக்கார்டர் ஒரு மணி நேரம் ஓடுகிறது. நிற்கிறது. தானாக எழும்புகிறது - தேதி 1-1-2000. புதன்கிழமைப் படத்தை எங்கே போய்த் தேட? தட்டினேன். ஊதினேன். திட்டினேன். ஜும்மாவிலும் மனசு அங்கேதான்.

மூடி போனா போவட்டும். அக்கா எப்படித் தெருவுல நடக்கும்? டீக்கடையில ஒருத்தன் இப்பவே கேட்டுட்டான், "இன்னா பாய், அஞ்சம்மா ஆப்டுச்சா?"ன்னு. இந்த வாயை வச்சுகினு நான் இன்னா பண்றது?

12.7.2008, சனி
கழுவும் மேடையில் எது இருந்தாலும் கேள்வி கேட்காமல் துலக்கணும் என்று அக்காவுக்குச் சட்டம் போட்டவன் நான். இன்று துலக்கினவனும் நான். கை எரிகிறது.

13.7.2008, ஞாயிறு
மொஹ்சின் வந்தான். உறையைத் தூக்கினால், பெட்டி தோசைக்கல் மாதிரி சுடுகிறது. புது டிஸ்க்குக்குச் சூடு ஜாஸ்தியாம், மூடி வைத்தால் நின்றுவிடுமாம். பெட்டிக்குள் இருக்கிற கடிகார பேட்டரியும் செத்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் 2000-க்கு ஓடுகிறது. சாஹிரா உறையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிண்டல் நாக்குவரை வந்தது, விழுங்கிவிட்டேன். இந்த வாரம் வாய்க்கு லீவு.

"படம் எங்கயும் போகல மச்சான். எல்லாம் அந்த ஒரே தேதியிலதான் கிடக்குது" என்றான்.

2000-இல் உட்கார்ந்து தேடினோம். கிடைத்தது. தூறல். படப்பைக் கல்யாணத்துக்குச் சாமான் ஏறுகிறது. ஒருத்தன் மூடியைக் குடை மாதிரி தலையில் வைத்து, டிரைவர் அரிகிருஷ்ணன் சிரிக்கணும் என்று இடுப்பை ஆட்டி நடந்து, வண்டியில் போடுகிறான். பிறகு சீப்பை எடுத்துத் தலை வாருகிறான்.

படப்பைக்குப் போன் போட்டேன். மூடி அங்கேதான்.

புது பேட்டரி வரும்வரை பெட்டியைக் கழற்றிக் காற்றாட வைக்கச் சொல்லிவிட்டுப் போனான் மொஹ்சின். கடைக்குள் இடமில்லை. கழுவும் மேடையில் வைத்தேன்.

14.7.2008, திங்கள்
முதலில் டீக்கடை. அந்த ஆளிடம், நாலு பேர் கேட்க, மூடியை நான்தான் வண்டியில் போட்டேன் என்றேன். பிறகு அக்கா வீடு.

சொன்னேன். அக்கா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "கேமரா சொல்லுச்சா, நீ சொல்றியா?"

"கேமரா காட்டுச்சு. நான் சொல்றேன்க்கா. தப்பு என்னுது."

முறம் இன்னும் வேகமாக ஆடியது. இன்னொரு முறம் சுவரில் தொங்கியது. எடுத்துத் தலையில் வைத்து, அன்றைக்கு நடந்த மாதிரியே வாசல்வரை நடந்து காட்டினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"நாளைக்கு வரேன். கேமரா என் பக்கம் பாக்கக் கூடாது."

வந்ததும் கேமராவைத் தெருப் பக்கம் திருப்பினேன்.

15.7.2008, செவ்வாய்
காலையில் நான் திருநீர்மலைக்குச் சாமான் இறக்கப் போயிருந்தேன். அஞ்சம்மாள் அக்கா சொன்னபடி வந்திருக்கிறார். மேடையில் இருந்தது எல்லாம் துலக்கியாகிவிட்டது. தேக்சா ஆறு, கரண்டி பன்னிரண்டு, ரெக்கார்டர் ஒன்று. வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். புளி போட்டுத் தேய்த்தாராம். பளபளக்கிறது.