அடுக்காமல் விட்ட வரிசை

ஓகஸ்ட் 6, புதன்

கச்சான் காற்று. காயப்போட்ட அபாயா இரண்டும் மதிலுக்கு அப்பால். அடுத்த வீட்டு மாமி எடுத்துத் தந்தார், அரை மணி நேரப் பேச்சோடு.

செய்ய வேண்டியவை:
– இவருக்கு ஆஸ்பத்திரிக்குச் சாரம் 3, துவாய் 2, சுடுதண்ணிப் போத்தல்
– ஸ்கான் ரிப்போட் எல்லாம் ஒரே பைலில்
– 9ஆம் ஆண்டுக் கணக்குத் தாள் (கட்டைக்கூட அவிழ்க்கவில்லை)
– நாட்டாமிகளிடம் அந்த வரிசையையும் அடுக்கச் சொல்லுதல்

கடைசியைப் பற்றி. சிறுபோக நெல் வந்து ஸ்டோர் முகடு வரை நிறைந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால்தான் ஸ்டோர், என் குசினியிலிருந்து எட்டு அடி. ஒவ்வொரு போகமும் இதே கூத்து. மூடை தூக்குகிற நாட்டாமிகள் குசினிப் பக்கத்து யன்னலடியில் ஒரு வரிசையை மட்டும் அடுக்காமல் விட்டுவிடுவார்கள். இருபது மூடை தாராளமாகப் பிடிக்கும் இடம். கேட்டால், "முதலாளி வேணாமெண்டவர்." முதலாளி இவர்தான், இவரைக் கேட்டால், "காத்தோட்டத்துக்குப் புள்ள." கணக்குப் படிப்பிக்கிற எனக்கு இந்த வீண் இடத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

பின்னேரம் டொக்டர். திங்கள் அட்மிட், செவ்வாய் ஒப்பிரேசன். தொண்டைக் கட்டி ஆபத்தானது இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குரல் நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறதாம். குரல் மாறலாம், போகலாம், ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். "நீங்க பாட்டுக் கீட்டுப் படிக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்ல சேர், நெல் யாவாரம்" என்றார் இவர்.

எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. கீரி மீன் பொரியல், பருப்பு. தாள் நாலு திருத்தினேன், நாலும் பெயில். பிள்ளைகளில் பிழையா என் மனதில் பிழையா தெரியவில்லை.

நாளை வெள்ளி. ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் மூன்று பேரும் ஸ்டோருக்குள் போவார்கள். அஸர் பாங்கு வரை உள்ளேதான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படி. "உப்புக்காத்து" என்ற ரொக் பேண்ட். இவர் பேஸ் கிற்றாரும் பாட்டும். நிசாம் நானா கிற்றார். தொழில் கரண்ட் லைன்மேன். ஜெகன் அண்ணன் ட்ரம்ஸ். பெரியநீலாவணை, கடல் தொழில். தோணி போகாத நாளில்தான் கை சும்மா இருக்கும், அந்தக் கையும் சும்மா இராது.

ஸ்டோருக்குள் ஏன் என்றால் நெல் மூடை சத்தத்தைக் குடித்துவிடும். தெருவுக்குப் போகாது, ஒருவர் வாயும் திறக்காது. ஸ்டோர் நிறைந்திருக்கும்போது ட்ரம்ஸ் ஒவ்வொரு அடியும் வெட்டி வைத்தது போல நிற்கும். மூடை வெளியேறிவிட்டால் கூரைத் தகடும் சேர்ந்து அடிக்கத் தொடங்கும். ஆகவே அறுவடை முடிந்து லொறி வரும் வரைதான் இவர்களுடைய நல்ல காலம். வருடத்தில் இரண்டு தரம்.

இந்தக் கரையில் நான் அறிந்து இப்படி எத்தனை பேர்:
– அக்கரைப்பற்றில் நாலு சகோதரர்கள். மூன்று பேர் கட்டாரில். மிஞ்சியவர் போனில் வாசிக்க, அங்கிருந்து அவர்கள் தாளம் போடுகிறார்களாம்.
– கல்முனையில் கோயில் திருவிழாவுக்கு வாசித்த குழு. அவர்களுடைய கீபோர்ட்காரர் இப்போது பல் டொக்டர். பல் பிடுங்கும்போதும் முணுமுணுக்கிறார்.
– பெயர் வைக்க முன்னமே பிரிந்துபோன ஒன்று. ஒரேயொரு கல்யாணத்தில் கேட்டேன். டிவியில் வருகிறவர்கள் கிட்டவும் நிற்க முடியாது.

இவர்கள் எல்லாருக்கும் மேல் உப்புக்காத்து. மனைவி என்றபடியால் சொல்லவில்லை. காது சொல்கிறது.

கொழும்பிலிருந்து டிவிக்காரர் ஒரு தரம் கூப்பிட்டார்கள். அதே கிழமை வரிப்பத்தான்சேனை வயலுக்கு வெட்டு மெஷின் முறை வந்தது. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மெஷினை விட்டால் நெல் போச்சு. இவர் வயலுக்குப் போனார், நிசாம் நானா கூடப் போனார், வயலே இல்லாத ஜெகன் அண்ணனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூடை பிடிக்கப் போனார். டிவிக்கு ஒருவரும் போகவில்லை. அதை நினைத்து இந்த மூவரும் ஒரு நாள் கவலைப்பட்டு நான் காணவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

பதிவு என்று ஒன்றும் கிடையாது. யாரோ போனில் பிடித்து பேஸ்புக்கில் போட, கீழே வந்த ஏச்சுப் பேச்சைப் பார்த்து இவருடைய கூடப்பிறந்த ராத்தா அழுதுவிட்டார். அன்றைக்கு இவர் சத்தியம் செய்தார், மற்ற இருவரிடமும் வாங்கிக்கொண்டார்: இனி என் பாட்டைப் போனில் பிடிக்க விடமாட்டேன். அதிலிருந்து ஸ்டோர் வாசலில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே போகிற ஆள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் கேட்கிற முறை: குசினிக்கு வெளியே பைப்படி. பைப்பைத் திறந்து விட்டு ஒரு சட்டியைக் கையில் வைத்துக்கொள்வது. பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைச் சட்டிகள் மூன்று தரம் கழுவப்படுகின்றன. இவருக்குத் தெரியாது. தெரிந்தால் தலைகால் புரியாது. நல்லாயிருக்கு என்று நான் ஒரு சொல் இதுவரை சொன்னதில்லை.

செவ்வாய்க்குப் பிறகு சொல்லி என்ன செய்ய.

ஓகஸ்ட் 8, வெள்ளி

செய்துவிட்டேன்.

சிம் இல்லாத என் பழைய போன். இவர் ஜும்ஆவுக்குப் போன நேரம் ஸ்டோருக்குள் போய், வெறும் வரிசைக்குப் பக்கத்து மூடையின் மூலைத் தையலை மீன் கத்தியால் வெட்டினேன். (எங்கள் மூடை எல்லாம் பச்சை வலை நூலில் தைத்தது, ஜெகன் அண்ணன் கொண்டுவந்து தருவது.) பதிவைத் தட்டிவிட்டு, நெல்லுக்குள் போனைச் செருகினேன். மேல் நுனி மட்டும் வெளியே. சத்தியம் செய்தது இவர், நான் இல்லை. கணக்கு சரிதான்.

கடைசியாக "முகத்துவாரம்" அடித்தார்கள். வெள்ளம் வந்தால் வயல்காரருக்கு முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்குள் விட வேண்டும். வெட்டினால் இறால் போய்விடும் என்று மீன்காரர் நிற்பார்கள். இவரும் ஜெகன் அண்ணனும் இதே கதையில் ஒரு மாரிக்கு முகம் பார்க்காமல் இருந்து, பிறகு சேர்ந்து கட்டிய பாட்டு. பேஸ் மட்டும் முதலில், தண்ணீர் ஏறுகிற மாதிரி. நிசாம் நானா ஒரே தந்தியில் தேய்த்துக்கொண்டே இருப்பார், இப்போ வெடிக்கும் இப்போ வெடிக்கும் என்று நெஞ்சு தவிக்கும். ட்ரம்ஸ் திறக்கும்போது மண் உடைந்து போகிறது என்று சத்தியம் செய்யலாம். பிறகு இவர், உச்சத்தில்:

"வெட்டி விடு வெட்டி விடு
கடல் வந்து கேட்கட்டும்."

அந்தக் "கேட்கட்டும்" என்ற சொல்லைப் பிடித்து நிறுத்தினார் பாருங்கள். இத்தனை வருடத்தில் அப்படி நின்றதில்லை. சட்டி நிரம்பி வழிந்து கால் இரண்டும் நனைந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இந்த மனிதருடைய குரல் ஒரு நெல் ஸ்டோருக்குள்ளேயே முடிந்துவிடுமா என்று அழுகை வந்தது. அழுதேன்.

அஸருக்கு முன்னம் ராத்தா வட்டிலப்பத்தோடு வந்துவிட்டார், தம்பியைப் பார்க்க. நான் தேத்தண்ணியும் கையுமாக. சனி காலை வர வேண்டிய லொறி இன்றைக்கே வந்தது. பின்னால் சத்தம் கேட்கிறது, எழும்ப முடியவில்லை. ராத்தா பேசிக்கொண்டே இருக்கிறார். மஃரிப் நேரம் போய்ப் பார்த்தால் ஸ்டோர் வழித்துத் துடைத்த சட்டி. மூடை அவ்வளவும் அக்கரைப்பற்று மில்லுக்கு. போனும்தான்.

"என்ன புள்ள, முகம் செத்துப் போய்க் கிடக்கு? ஒப்பிரேசனுக்குப் பயப்புடாத, அல்லாட காவல்" என்றார் ராத்தா.

ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. மில்லில் நெல்லை ஊறப்போட்டால் முடிந்தது. இவரிடம் சொன்னால் சத்தியம் உடைந்த கவலையோடு ஒப்பிரேசனுக்குப் போவார். சொல்லாவிட்டால் குரலும் போய்ப் பதிவும் போய்.

இவர் மேசையடியில் இருந்து ஒன்றும் அறியாமல் மாம்பழம் தின்றுகொண்டு பாடுகிறார். அதைக்கூடப் பதிவு செய்யலாமா என்று யோசித்தேன். கேவலம்.

ஓகஸ்ட் 11, திங்கள்

மட்டக்களப்பு. வார்ட்டில் கட்டில் கிடைத்தது, மின்விசிறி சுற்றவில்லை. வராந்தாவுக்கு வந்து ஜெகன் அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணன், நான் ஒரு பிழை செஞ்சிட்டன்."

முழுவதையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"நெல்லு மூடைக்குள்ளயா தங்கச்சி? டிவிக்குத்தான் போகக் கிடைக்கல்ல, மில்லுக்காவது போயிருக்கம்."

"சிரிக்காதீங்க அண்ணன். ஊறப் போட்டிருவாங்க."

"பச்சை நூல்தானே? அது என்ட நூல். ஆயிரம் மூடைக்குள்ளயும் தெரியும். அவனிட்ட ஒண்டும் சொல்லாத. நிசாமையும் கூட்டித்துப் போறன்."

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காலை எட்டுக்கு உள்ளே. யாசீன் ஓதினேன், இரண்டாம் தரம் எங்கே நின்றேன் என்று தெரியவில்லை. மதியம் வெளியே. உயிருக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கண் விழித்ததும் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. வந்தது காற்று மட்டும். டொக்டர் சொல்கிறார், மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். பேச்சு வரும், உச்சம் கட்டுவதற்குப் பொறுப்புச் சொல்ல முடியாதாம். கதைக்க வேண்டாம். ஒரு சிஆர் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் எழுதினார்: "சாப்பிட்டியா?"

பின்னேரம் ஜெ. அண்ணனின் மெசேஜ்: "கிடைச்சிட்டு. நெல்லெல்லாம் நிசாமின்ட தலைக்குள்ள. மில் முதலாளி எங்களுக்கு விசர் எண்டு நினைக்கிறார்."

ஓகஸ்ட் 14, வியாழன்

இருவரும் இவரைப் பார்க்க வந்தார்கள். ஒரு மணி நேரம் ஊமை நாடகம். போகும்போது ஜெ. அண்ணன் திராட்சைப் பையைக் கையில் தந்தார். அடியில் போன்.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி. அவனுக்குச் சத்தியம் செஞ்ச ஆக்கள் நாங்க."

சார்ஜ் ஏற்றி, எங்கள் மகளின் இயர்போனை மாட்டி, வராந்தா பெஞ்சில். நெல் உரசுகிற சத்தம், பிறகு எல்லாப் பாட்டும். முகத்துவாரம். அந்த உச்சம் அப்படியே இருக்கிறது. நான் அழுத அழுகையில் பக்கத்தில் இருந்த மனுசி, நோயாளி மௌத்தாகிவிட்டார் என்று நினைத்து என் தோளைப் பிடித்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும் நிறுத்தப் போனேன். போன் நிற்காமல் ஓடியிருக்கிறது. பிளாஸ்டிக் கதிரை இழுபடும் சத்தம். ஜெ. அண்ணனின் குரல்:

"மச்சான், கனகாலமாக் கேக்கணுமெண்டு. நாங்க ரெண்டு பேரும் இஞ்சால நிக்கிறம். நீ ஏன் எப்பவும் அங்கால கிறுகித் திரும்பி நிண்டு படிக்கிற? சுவருக்கா?"

இவர்: "அங்க றமீசா நிக்கிறா."

"எங்க?"

"பைப்படியில. தண்ணியத் திறந்து உட்டுத்து நிண்டு கேப்பா. கழுவ ஒண்டும் இல்லாட்டியும் கழுவுவா."

சிரிப்பு. நிசாம் நானா: "அப்ப அந்த வரிசைய அடுக்காம உடுறது?"

"யன்னல மறைச்சா அவக்குக் கேக்காதே."

பிறகு இவர், மெதுவாக:

"இண்டைக்கு நல்லாக் கேட்டிரிப்பா. அது போதும்."

அதன்பிறகு பாங்கு.



ஓகஸ்ட் 20, புதன்

வீடு வந்து மூன்று நாள். கஞ்சி, பால், கரட் சூப். காற்று விழுந்துவிட்டது. தாள் எல்லாம் திருத்தி முடித்தேன், முக்கால்வாசிப் பேர் பாஸ்.

கடைசி வயல் நெல் வந்தது. நாட்டாமிகள் அடுக்க, இவர் வாசலில் கதிரையில், கழுத்தில் பிளாஸ்டர். யன்னலடிக்கு வந்ததும் ஒருவர் என்னிடம், "டீச்சர், போன முறை ஏசினீங்களே. இந்த வரிசையும் அடுக்கவா?"

"வேணாம். அத அப்பிடியே உடுங்க" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். கொப்பியை எடுத்துப் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டுக் காட்டினார்.

"காத்தோட்டத்துக்கு" என்றேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

சோறு, சுறா வறை, இவருக்குக் குழையல். ஜும்ஆ முடிந்து இருவரும் வந்தார்கள். போன் மூன்றும் டின்னுக்குள். நானும் போய் என் பழைய போனை அதற்குள் போட்டேன். இவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜெகன் அண்ணன் கூரையைப் பார்த்தார்.

முகத்துவாரம்தான். இவர் பேஸ் மட்டும். பாட்டு வர வேண்டிய இடத்தில் நிசாம் நானாவின் கிற்றார் பாடியது, சொல் ஒவ்வொன்றும் விளங்க. இந்தக் கரையில் இப்படி வாசிக்கிற ஆள் மின்கம்பத்தில் ஏறித் திரிகிறார். உச்சம் வந்தது. இவர் யன்னல் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. கரகரவென்று, அரைச் சத்தத்தில், "கேட்கட்டும்."

நான் பைப்பைத் திறக்கவில்லை. சட்டியும் எடுக்கவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேருக்கு நேரே நின்றேன்.

முடிந்ததும் மூவரும் யன்னல் பக்கம் பார்த்தார்கள்.

"நல்லாயிரிக்கி" என்றேன். "மறுகா ஒருக்கா அடிங்க."