வான் திறப்பு

இஞ்சாருங்கோ,

வானைப் பூட்டிப்போட்டன், திறப்பைத் தேடாதேங்கோ. வேலைக்குப் போகேக்கை நான் கையோடை கொண்டு போறன். பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்த இண்டைக்கு ராகுலன் அண்ணை தன்ரை வானோடை போறார்.

"வேலைக் களைப்பு, வேறை ஒண்டுமில்லை" எண்டு சொல்லுவியள். நேரத்தோடை படுத்து விடியுமட்டும் நித்திரை கொண்டும், கல்லுச் சுமந்த ஆள் மாதிரித்தானே எழும்புறியள். குறட்டைக்கு நடுவிலை உங்கடை மூச்சு நிண்டு போகுது. நான் தட்டினால்தான் திரும்ப இழுக்கிறியள். மூச்சு நிக்கிற ஒவ்வொருக்காலும் உங்களுக்குத் தெரியாமலே நித்திரை குழம்புது, அதுதான் காலமைக் களைப்பு எண்டு டொக்டர் சொன்னவர். சோதிச்சு முடியுமட்டும் வான் ஓடவேண்டாம் எண்டும் சொன்னவர். அதை நீங்கள் பிள்ளையளின்ரை தாய்மார் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

நேற்று கோண்டாவில் றெயில் கடவையிலை நடந்ததையும் எனக்குச் சொல்லேல்லை. முன்சீற்றிலை இருக்கிற ஹர்ஷினியின்ரை தாய்தான் வந்து சொன்னவ. கடவை மூடியிருக்க, வான் முன்னுக்கு உருண்டதாம். "மாமா நித்திரையாப் போனார், நான்தான் உலுப்பினன்" எண்டு பிள்ளை சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னதாம். தாய் சிரிக்கேல்லை.

டொக்டர் சொன்னதை எல்லாத் தாய்மாருக்கும் சொல்லிப்போட்டன். கோவம் எண்டால் என்னோடை கோவியுங்கோ. நாளைக்குக் கிளினிக்குக்கு நானும் வாறன்.

வீட்டிலை உங்களைத் தட்டி எழுப்ப நான் இருக்கிறன். வானிலை அந்தப் பிள்ளையள்தான் இருக்குதுகள்.

உங்கடை மனுசி